பூகம்பம் யார் செய்த பாவம்? 1934-இல் காந்தியும் தாகூரும் நேருவும் போட்ட வழக்கு

கேள்வி இதுதான்: "1934 பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று காந்தி நம்ம திருநெல்வேலியில் வைத்துச் சொன்னாராமே, நிஜமா? தாகூர் அதை மறுத்தார் என்கிறார்கள். யார் பக்கம் நியாயம்? கடவுள், சாதி, சர்க்கார் எல்லாம் ஒரே விவாதத்தில் எப்படி வந்து மாட்டின?"

நிஜம்தான். வாய் தவறி ஒருமுறை சொன்னதும் இல்லை. 1934 ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் சொன்னார், தூத்துக்குடியில் சொன்னார், பிறகு 'ஹரிஜன்' பத்திரிகையில் அச்சிலும் வந்தது. தாகூர் மறுத்தபோதும் பின்வாங்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று மட்டும் கேட்டால், தாகூர் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். என் கருத்தும் பெரும்பாலும் அதுதான். ஆனால் அத்தோடு நிறுத்தினால் விவாதத்தின் காரமான பாதி போய்விடும்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 1934 ஜனவரி 15, திங்கட்கிழமை, பிற்பகல் 2 மணி 13 நிமிடம். ரிக்டர் கணக்கில் ஏறக்குறைய 8. வட பீகாரில் முசாபர்பூர், தர்பங்கா, சீதாமடி, மோதிஹாரி, கங்கையின் தென்கரையில் முங்கேர், இமயத்தில் காத்மாண்டு பள்ளத்தாக்கு. அரசுக் கணக்கில் பீகாரில் 7,000 பேருக்கு மேல் செத்தார்கள், நேபாளத்தில் 8,000 பேருக்கு மேல். பட்டப்பகலில், பாதி ஜனம் வெளியே இருந்த நேரத்தில் வந்ததால்தான் இந்த அளவோடு போயிற்று. கங்கைச் சமவெளி முழுக்க ஆற்று வண்டல். ஆட்டம் வந்ததும் தரை பிளந்து, பிளவு வழியாக மணலும் தண்ணீரும் ஊற்றுப்போலப் பீய்ச்சியடித்தன. கிணறுகள் மணலால் தூர்ந்துபோயின. விளைந்த வயல் மேல் மணல் மூடியது. சர்க்கரை ஆலைகள் இடிந்து கிடந்ததால், வெட்டும் பருவத்தில் இருந்த கரும்பை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் விவசாயிகள் நின்றார்கள். முங்கேரில் கடைத்தெருவே செங்கல் குவியலாகிவிட்டது. அங்கே போன நேரு கூடையும் மண்வெட்டியுமாக இடிபாட்டில் இறங்கித் தோண்டினார். அவர் குழு வெளியே எடுத்தது ஒரு சிறுமியின் உடலை.

அந்தச் சிறுமியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர், அப்புறம் ஏன் இது நடந்தது என்கிற பழைய கேள்விக்கு யார் என்ன பதில் சொன்னாலும் அவள் முன்னால் வைத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும்.

காந்தி அப்போது தெற்கே இருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய ஹரிஜன யாத்திரை, தீண்டாமை ஒழிப்புக்கும் கோயில் நுழைவுக்கும் ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டும் பயணம். பூகம்பச் செய்தி வந்ததும் பேச்சில் அது நுழைந்தது. பீகார் துயரத்துக்கும் தீண்டாமைக்கும் தன் மனதில் உயிரான தொடர்பு இருக்கிறது என்றார். ஹரிஜனங்களுக்கு நாம் செய்த, இன்னும் செய்துகொண்டிருக்கிற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று என்னோடு சேர்ந்து நம்புகிற அளவுக்கு நீங்களும் 'மூடநம்பிக்கை' கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தச் சொல்லை அவரே போட்டுக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். என்ன திட்டு வரும் என்று தெரிந்துதான் பேசினார்.

தாகூருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பத்திரிகையில் வந்தது சரிதானா என்று எழுதிக் கேட்டார். சரிதான் என்றானதும் மறுப்பு எழுதி அனுப்பினார். காந்தி அதைத் தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே பிப்ரவரி 16 இதழில் போட்டு, கூடவே தன் பதிலையும் போட்டார். இரண்டு பேரும் எதிரிகள் இல்லை. 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது பக்கத்தில் இருந்து பாடியவர் தாகூர். தீண்டாமை பாவம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

தாகூரின் வாதத்தில் மூன்று சரடு இருக்கிறது. இயற்கைப் பேரழிவுக்கு இயற்கைக் காரணம் மட்டும்தான் உண்டு, நம் பாவங்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் படைப்பின் கட்டுமானத்தை இழுத்துச் சாய்க்கும் பலம் அவற்றுக்குக் கிடையாது என்பது ஒன்று. இரண்டாவதுதான் கூர்மையானது. எங்கேயோ பத்திரமாக இருக்கிற குற்றவாளிகளுக்குப் பாடம் புகட்ட, குழந்தைகளையும் அதே தீண்டப்படாத மக்களையும் சேர்த்துக் கொல்கிற ஓர் அரசனை நாகரிகமானவன் என்று எவனாவது சொல்வானா? மனித அரசனிடம் பொறுத்துக்கொள்ளாத ஒன்றைக் கடவுள் தலையில் கட்டினால், கடவுளைவிட மனிதன் ஒழுக்கத்தில் மேலானவன் என்று ஆகிவிடும். மூன்றாவது, இந்த மாதிரி வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் பொருந்தும், அவர்கள் இதே பூகம்பத்தைக் காந்தியின் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள் என்றார்.

மூன்றாவதில் ஜோசியம் எதுவும் தேவைப்படவில்லை. கோயில் நுழைவை எதிர்த்த பழமைவாதிகளான சனாதனிகள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். காசியிலிருந்து வந்த சுவாமி லால்நாத் என்பவர் ஆட்களோடு கறுப்புக்கொடி பிடித்து யாத்திரையைப் பின்தொடர்ந்தார். காந்தி கோயிலைத் தீட்டாக்கப் போனார், பூமி பிளந்தது என்பது அந்தத் தரப்பின் கணக்கு. ஏப்ரல் கடைசியில் காந்தி பீகாரிலேயே ஜசீடி ரயில் நிலையத்தில் இறங்கியபோது அவர் போன காரைத் தடியால் அடித்துக் கண்ணாடியை உடைத்தார்கள். ஒரே நிலநடுக்கம், ஒரே கடவுள், நேர் எதிரான இரண்டு தீர்ப்பு. இரண்டில் எது சரி என்று சோதித்துப் பார்க்க வழியே இல்லை என்பதுதான் இந்த வாதத்தின் அடிப்படைக் கோளாறு.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆட்டத்தின் மையம் வட பீகார் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். பின்னாளில் செய்த ஆய்வில் அது கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்டுக்குத் தெற்கே என்று தெரிந்தது. நேபாளத்தில் 1854 முதல் யார் தொட்டால் தீட்டு, யாருக்கு எந்தத் தண்டனை என்று சாதியைச் சட்டப் புத்தகமாகவே எழுதி வைத்திருந்தார்கள். அப்படியானால் கடவுளின் குறி தப்பவில்லை என்று காந்தி தரப்பில் யாராவது இன்றைக்கு வாதாடலாம். வாதாடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எந்த உண்மை வந்தாலும் வளைந்துகொடுக்கிற விளக்கம், எதையும் விளக்குவதில்லை.

காந்தியின் பதில் அவருக்கே உரியது. பூகம்பம் கடவுளின் விளையாட்டுப் புத்தியும் இல்லை, குருட்டுச் சக்திகள் மோதிக்கொண்டதும் இல்லை, கடவுளின் சட்டங்கள் முழுக்க நமக்குத் தெரியாது, அவன் சித்தம் இல்லாமல் ஒரு இலையும் அசையாது என்றார். அவனன்றி ஓரணுவும் அசையாது என்று சொல்லி வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தப் பேச்சு அந்நியமாகப் பட்டிருக்காது. அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்: எதிராளியை அடிப்பதற்கு இதைப் பயன்படுத்தினால் இது கேவலமான மூடநம்பிக்கை. என்னை நானே சோதித்துக்கொள்ளத்தான் இது. சரி, ஆனால் திருநெல்வேலி மேடையில் அவர் தன்னை மட்டுமா சோதித்துக்கொண்டார்? கேட்டுக்கொண்டிருந்த சாதி இந்துக்களைப் பார்த்துத்தானே பேசினார்.

இந்த இடத்தில் காந்தியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. பகுத்தறிவாளர்கள் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒன்று உண்டு. துன்பத்துக்கு விளக்கம் சொல்லும் பழைய முறை நம் நாட்டில் எப்படி இருந்தது? கீழே கிடக்கிறவன் போன ஜென்மத்தில் செய்தான், இப்போது அனுபவிக்கிறான். குறளில் பல்லக்கு வருகிற இடம் நினைவிருக்கும்:

அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை

பரிமேலழகர் இதற்குச் சொல்லும் உரையில், பல்லக்கைச் சுமக்கிறவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் பார்த்தாலே போதும், அறத்தின் பயன் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அவனுடைய ஏற்றத்துக்கும் இவனுடைய தோள் காய்ப்புக்கும் வினையே கணக்கு. பிற்காலத்தில் பலர் இதை ஒத்துக்கொள்ளாமல் வேறு உரை செய்திருக்கிறார்கள். அதே வள்ளுவர் 1062-ஆம் குறளில், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால் உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெட்டுப்போகட்டும் என்று சாபம் விடுகிறார். ஆனால் ஊரில் செல்லுபடியானது வினைக்கணக்குதான். துன்பப்படுகிறவனே குற்றவாளி, மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு உட்கார்ந்திருப்பதே நற்சான்றிதழ். மதம் தீமைக்குச் சொன்ன விளக்கங்களில் இதைப்போல ஓட்டையே இல்லாத ஒன்று இல்லை என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதினார். ஓட்டை இல்லாததுதான் அதன் கொடுமையும்.

காந்தி செய்தது அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பியது. பாவம் செய்தவன் கீழே இருக்கிறவன் இல்லை, அவனைக் கீழே வைத்தவன். தண்டனைக்குரியது ஹரிஜனின் முற்பிறவி இல்லை, நம் இப்பிறவி. மதத்தின் பாஷையிலேயே, மதம் சொல்லிவந்ததற்கு நேர் எதிர். அந்த வார்த்தைகள் விழுந்த சீமையில் நிலைமை என்ன? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியாரான நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டு தடைகள் போட்டிருந்தார்கள். தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த வருஷம் தடைகள் பதினொன்றாயின. புதிதாக வந்தவற்றில் பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரர்களிடம் அடிமையாக வேலை செய்ய வேண்டும், சொந்த நிலம் இருந்தால் அவர்களுக்கே மலிவாகக் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது என்பவை உண்டு. முதல் பட்டியல் உடுப்பைப் பற்றியது, இரண்டாவது பட்டியல் நிலத்தையும் கூலியையும் பற்றியது. சாதி எங்கே முடிந்து வர்க்கம் எங்கே தொடங்குகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு பட்டியலையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் போதும். காந்தி அதே யாத்திரையில் தேவகோட்டைக்கும் போனார். அங்கே நின்றுகொண்டு, நிலநடுக்கம் பௌதிக விதி என்று மட்டும் சொன்னால் யாருக்கும் உறைக்காது என்று அவர் நினைத்திருந்தால், அந்த நினைப்பை என்னால் முழுக்கத் தள்ள முடியவில்லை.

ஆனாலும் முங்கேர் சிறுமி அப்படியேதான் இருக்கிறாள். ராமநாதபுரத்து நாட்டாரின் பாவத்துக்கு அவள் ஏன்? இதற்குக் காந்தியிடம் பதில் இல்லை. ஏன் பீகார், ஏன் வேறு இடம் இல்லை என்று கேட்டவர்களுக்கு, நான் கடவுள் இல்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

நேரு இதை அடுத்த சிறைவாசத்தில் சுயசரிதை எழுதும்போது எடுத்துக்கொண்டார். (பிப்ரவரி 12-ஆம் தேதியே அவரைக் கைது செய்துவிட்டார்கள். கல்கத்தாவில் பேசியதற்காக இரண்டு வருஷத் தண்டனை.) அவருக்குக் கோபத்தைவிட நக்கல்தான் அதிகம். பாவத்துக்குத் தண்டனை என்றால் எந்தப் பாவத்துக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது, நம்மிடம்தான் நிறைய இருக்கின்றனவே என்றார். சட்டமறுப்பு இயக்கத்தில் முன்னால் நின்றது வட பீகார், அதனால் இது தங்களை எதிர்த்ததற்குத் தண்டனை என்று பிரிட்டிஷ் சர்க்காரும் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அப்புறம் ஒரு போடு போட்டார்: பூகம்பத்தில் பணக்கணக்கில் அதிகம் இழந்தவர் பெரிய ஜமீன்தாரான தர்பங்கா மகாராஜா. ஆகவே இது ஜமீன்தாரி முறைக்குக் கிடைத்த தண்டனை என்று சொன்னால், தெற்கத்தியர்களின் தீண்டாமைக்குப் பீகார்காரன் செத்தான் என்பதைவிடக் கொஞ்சம் பொருத்தமாக இருக்கும்.

கேலிதான். ஆனால் விவாதத்தை மேகத்திலிருந்து இறக்கி நிலவரி, குத்தகை என்று தரையில் நிறுத்தியது அந்தக் கேலிதான்.

சர்க்காரைப் பற்றிக் கேட்டீர்கள். வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரில் ஒரு நிவாரண நிதி, காங்கிரஸ் பக்கம் ராஜேந்திர பிரசாத் தலைமையில் பீகார் மத்திய நிவாரணக் குழு. சிறைக்கைதியாக இருந்த பிரசாத்தைப் பூகம்பம் நடந்த இரண்டாம் நாளே விடுதலை செய்தார்கள். இடிபாட்டைத் தோண்டுவதில் அதிகாரிகள் காட்டிய மந்தத்தை நேரு வெளிப்படையாகக் குறை சொன்னார். காந்தி மார்ச்சில் பீகாருக்கு வந்து, நிவாரணத்தில் அரசோடு மரியாதையாக ஒத்துழைப்போம் என்று தீர்மானம் போட வைத்தார். அது பல காங்கிரஸ்காரர்களுக்குத் தொண்டையில் சிக்கியது. சர்க்காருக்கு அதில் லாபம், ஆனால் நல்ல பெயர் எல்லாம் காங்கிரஸுக்குப் போனதையும் கவனித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மே 31-இல் (இன்றைய பாகிஸ்தானில் இருக்கும்) குவெட்டாவில் பூகம்பம் வந்தபோது ராணுவத்தைப் போட்டு ஊரை மூடினார்கள். காந்திக்கும் பிரசாத்துக்கும் உள்ளே போக அனுமதி கிடைக்கவில்லை.

பேரழிவுக்கு யார் விளக்கம் சொல்வது என்பதில் ஆட்சிகளுக்கு எப்போதும் அக்கறை உண்டு. 1755 நவம்பர் 1 அன்று போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனை இடித்த பூகம்பத்துக்குப் பிறகு மலாகிரிடா என்ற ஏசுசபைப் பாதிரியார், இது கடவுளின் கோபம், கட்டடம் கட்டுவதை விட்டு மனந்திரும்புங்கள் என்ற ரீதியில் பிரசுரம் போட்டார். நகரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த அமைச்சர் பொம்பாலுக்கு அது பிடிக்கவில்லை. ஊரைவிட்டு அனுப்பினார், பிறகு பிடித்துச் சிறையில் வைத்தார், 1761-இல் அந்தக் கிழவர் மரணதண்டனை பெற்றார். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கவிதை எழுதிக் கடவுளிடம் கணக்குக் கேட்ட அதே பூகம்பத்தைப் பற்றித் தத்துவவாதி ரூசோ, ஆறேழு மாடி வீடுகளை நெருக்கமாகக் கட்டியது இயற்கை இல்லையே என்று பதில் எழுதினார். முங்கேர் கடைத்தெருவுக்கும் அது பொருந்தும்.

நம் ஊரில் இந்தக் கேள்வியை வேறு முனையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் பெரியார். கடவுளுக்கு வக்காலத்து வாங்குவதே வேண்டாம், சாதியையும் தலைவிதியையும் காப்பாற்றத்தான் அந்தக் கடவுள் தேவைப்படுகிறார் என்பது சுயமரியாதைக்காரர்களின் கட்சி. காந்தி திருநெல்வேலிக்கு வருவதற்கு முந்தைய மாதம்தான், இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று 'குடிஅரசு' தலையங்கம் எழுதியதற்காக அவர் கைதாகியிருந்தார். கடவுளைக் கேள்வி கேட்டவரை விட்டுவைத்திருந்த சர்க்கார், பணக்காரனையும் சர்க்காரையும் சேர்த்துக் கேட்டதும் பிடித்து உள்ளே வைத்தது.

என் கணக்கில் இந்த விவாதத்தின் உச்சம் தாகூர் கடிதம் இல்லை, அதே வருஷம் பாட்னாவில் நடந்த ஒரு சந்திப்பு. சுவாமி சகஜானந்த சரஸ்வதி, காவி கட்டிய சந்நியாசி, 1929 முதல் பீகார் விவசாயிகள் சங்கத்தை நடத்தியவர், பதினான்கு வருஷமாகக் காந்தியின் ஆள். நிவாரண வேலைக்காக ஊர் ஊராகப் போனபோது அவர் பார்த்தது: நிலத்தில் மணல் மூடிக் கிடக்கிறது, தர்பங்கா ஜமீனின் ஆட்கள் குத்தகை வசூலுக்கு நெருக்குகிறார்கள். நிவாரணப் பணம் ஒரு கையில் வாங்கி மறு கையில் போய்விடும் நிலை. காந்தியிடம் போய் முறையிட்டார். ஜமீன்தார் கவனித்துக்கொள்வார், அவருடைய மானேஜர் காங்கிரஸ்காரர், நிச்சயம் உதவுவார் என்ற மாதிரி காந்தி சமாதானம் சொன்னார். சகஜானந்தருக்கு அதோடு விட்டுப்போயிற்று. காந்தியிடமிருந்து விலகியதற்குக் காரணமாக இந்தச் சந்திப்பைத் தன் வாழ்க்கைக் கதையில் அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த பிறகு திருநெல்வேலிப் பேச்சு எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. தீண்டாமைக்கு வானத்திலிருந்து தண்டனை கேட்டவர், குத்தகைக்கு மானேஜரின் நல்ல மனசு போதும் என்றார். ஒரு தீமைக்குப் பூமியே பிளக்க வேண்டியிருந்தது, இன்னொன்றுக்கு ஒரு சிபாரிசு போதுமானதாக இருந்தது. தாகூர் கடவுளைக் குற்றக்கூண்டிலிருந்து இறக்கினார், அந்தக் கூண்டில் வேறு யாரை ஏற்றுவது என்று அந்தக் கடிதத்தில் சொல்லவில்லை. நேரு ஆளைச் சரியாகக் கைகாட்டினார், ஆனால் சிரித்துக்கொண்டே. யார் தீமையை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால், எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. கடவுள் ஏன் அனுமதித்தார் என்பதற்கு இந்த நாலு பேரிடமும் பதில் இல்லை. வசூலை யார் நிறுத்துவது என்பதற்குச் சகஜானந்தரிடம் மட்டும் ஒரு பதில் இருந்தது.

1936 ஏப்ரலில் லக்னோவில் அகில இந்திய விவசாயிகள் சங்கம் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். சுதந்திரத்துக்குப் பிறகு தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்தது. ஜமீன்தாரியை ஒழிக்கப் பீகார் 1950-இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் தர்பங்கா மகாராஜா காமேஷ்வர் சிங். 1951 மார்ச்சில் பாட்னா உயர்நீதிமன்றம் சட்டம் செல்லாது என்றது. நேரு சர்க்கார் அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து வழியை அடைத்தது, 1952-இல் உச்ச நீதிமன்றத்திலும் சட்டத்தின் பெரும்பகுதி நின்றுவிட்டது.